நாலு சகலைக்கு நாலு சிலிண்டர்

நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் கட்டாரிப்பட்டிக்குப் போய் விசாரித்துக்கொள்ளட்டும்.

அந்த ஊர் மாமனார் ஒருவர் தன் பழைய பெட்ரோல் வேனை நாலு மருமகன்களுக்கும் கொடுத்து, "சண்டையில்லாம, சமமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காசிக்குக் கிளம்பிவிட்டார். சமம் என்றால் சமம்தான். ஆளுக்கொரு சக்கரம் பிரித்துக்கொண்டார்கள். பானட்டைத் தூக்கினால் எஞ்சினிலும் நாலு சிலிண்டர். பிறகென்ன, ஆளுக்கொரு சிலிண்டர். முதல் சிலிண்டர் மூத்தவர் கோட்டைச்சாமிக்கு, இரண்டாவது பால்பாண்டிக்கு, மூன்றாவது சோலைமலைக்கு, நாலாவது கடைக்குட்டி இருளப்பனுக்கு. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று செருகியிருந்தது. அதற்கு ஜோடி இல்லாததால், அது மாமனார் பங்கு என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

கோட்டைச்சாமிக்குக் கோபம் மூக்கு நுனியில். பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை, படித்ததெல்லாம் மார்க்கெட்டில், அதுவும் அடிபட்டு. பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அவருக்குத் திருட்டுப் பொருள் மாதிரி உறுத்தும். பஸ் கண்டக்டரிடமே, "ஜன்னல் சீட்டு கிடைக்கல, கொறச்சுக் குடு" என்று மல்லுக்கு நிற்கிற ஆள்.

நாலு பேரும் சேர்ந்து பாத்திரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். மலையடிவாரக் கோயில் அன்னதானத்துக்கு வழக்கமாகப் பாத்திரம் அனுப்புவது எதிர்க்கடை மாயாண்டி. தொண்டை கிழியப் பேசி அந்த வாடகையைக் கோட்டைச்சாமி பிடுங்கியிருந்தார். கோயில் செயலாளர் தவசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "விளக்கு வைக்கிறதுக்குள்ள பாத்திரம் வரணும். வரலேன்னா மாயாண்டிக்குப் போன் போட்டுருவேன். அப்புறம் எந்த வருஷமும் இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க."

மதியமே கிளம்பினார்கள். பாதி வழியில் வேன் வெடவெடவென்று குலுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னாலிருந்த அண்டாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூப்பாடு போட்டன.

கோட்டைச்சாமி மெக்கானிக் ராயப்பனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"போன வாரமே சொன்னேனே!" என்றார் ராயப்பன். "வண்டிய சோதிக்கிற மிஷின்ல ரெண்டு புகார் காட்டுச்சு. ஒரு சிலிண்டர் சரியா எரியல. இன்னொண்ணு, காத்து அதிகமா இருக்குன்னு சென்சார் சொல்லுது. நீங்கதான் கூலிக்குப் பேரம் பேசி வண்டிய ஓட்டிட்டுப் போயிட்டீங்க."

"அப்ப சென்சாரைக் கழட்டி எறிஞ்சிரலாமா?" என்றார் பால்பாண்டி.

"மாமா பங்குய்யா அது!" என்று சீறினார் கோட்டைச்சாமி. "மாமா பங்கு பொய் சொல்லுமா?"

"சென்சார் மேல தப்பில்ல" என்றார் ராயப்பன். "சிலிண்டர் எரியாததால காத்து அப்படியே குழாய்க்கு வருது. அது உள்ளதைச் சொல்லுது, அவ்வளவுதான்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சோலைமலை மெதுவாக இறங்கிப் பின்பக்கம் போனார். புஸ்ஸென்று சத்தம் கேட்டது. தன் சக்கரத்தில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னய்யா பண்ணுன?"

"காத்து அதிகம்னு மாமாவே சொல்லிட்டாரு. என் பங்குக்கு நான் கொறச்சுட்டேன். உங்க பங்கு உங்க இஷ்டம்."

ராயப்பன் அடுத்ததைச் சொன்னார்: "எஞ்சினை ஓடவிட்டு, சிலிண்டர் மேல, தீப்பொறிக்குக் கரண்ட் குடுக்கிற காயில் இருக்கும், அதோட ஒயரை ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டும்போது சத்தம் மாறுதோ அது நல்ல சிலிண்டர். எதைக் கழட்டியும் சத்தம் மாறலையோ அதுதான் வேலை செய்யாதது."

"யார் கழட்டுறது?" என்றார் பால்பாண்டி.

"என் சிலிண்டர்ல அடுத்தவன் கை வெச்சா கை இருக்காது" என்றார் கோட்டைச்சாமி.

"அப்ப யாரு முதல்ல கழட்டுறது? முதல்ல கழட்டுறவன் மேல சந்தேகம் விழுமே?"

நியாயமான கேள்வி. ஆளுக்கொரு ஒயரைப் பிடித்துக்கொண்டார்கள். இருளப்பன் ஒன்று, ரெண்டு, மூணு சொல்ல, நாலு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். எஞ்சின் பொட்டென்று நின்றது.

நாலு பேர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி.

"சத்தம் மாறிருச்சு" என்றார் சோலைமலை.

"நாலு பேர் கழட்டினப்பவும் மாறிருச்சு. நாலும் நல்ல சிலிண்டர்!" என்று கோட்டைச்சாமி போனில் முழங்கினார்.

ஒயர்களை மாட்டி எஞ்சினை மறுபடி ஓடவிடச் சொன்னார் ராயப்பன். பிறகு, ஒன்றைக் கழட்டி, மாட்டி, அப்புறம் அடுத்ததைக் கழட்டச் சொன்னார். கோட்டைச்சாமியுடையதைக் கழட்டினார்கள், எஞ்சின் தள்ளாடியது. பால்பாண்டியுடையதற்கும் அப்படியே. சோலைமலையுடையதைக் கழட்டினார்கள். எஞ்சின் அதை மதிக்கவே இல்லை.

"வேலை செய்யாதது நீதானா?" என்றார் கோட்டைச்சாமி.

"பதறாத சிலிண்டர்ணே அது" என்றார் சோலைமலை. "நல்ல வளர்ப்பு."

"மூணாவது காயிலை எடுத்து நாலாவதுல போடுங்க, நாலாவதை மூணுல போடுங்க" என்றார் ராயப்பன். "கோளாறு கூடவே போச்சுன்னா காயில்தான் அவுட்டு."

மாற்றினார்கள். சோலைமலையின் சிலிண்டர் உயிர் பெற்றது. இருளப்பனுடையது படுத்துக்கொண்டது.

இருளப்பனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். கண் கலங்கிவிட்டான். "உங்க வியாதிய எனக்கு ஒட்டிவிட்டுட்டீங்களே! பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?" பிறகு கோட்டைச்சாமியின் கையைப் பிடித்தான். "அண்ணே, இந்தக் காயிலை நீங்க வாங்கிக்குங்க. பதிலுக்கு என் முன் சீட்டை உங்களுக்கே விட்டுத் தாரேன்."

எதையாவது கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் கோட்டைச்சாமிக்கு நாக்கு ஊறும்.

"முன் சீட்டு மட்டும் எதுக்குடா? ஜன்னலும் வேணும்."

"எடுத்துக்குங்க."

"ஹாரன்?"

"அது... சரி, அதுவும் எடுத்துக்குங்க."

"வழியில டீ?"

"வாங்கித் தாரேன்ணே."

முன் சீட்டு, ஜன்னல், ஹாரன், டீ! கோட்டைச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தன் நல்ல காயிலை இருளப்பனுக்குக் கழட்டிக் கொடுத்துவிட்டு, கெட்ட காயிலைத் தன் சிலிண்டரில் மாட்டிக்கொண்டார். அவ்வளவு மலிவாக அவர் எதையும் வாங்கியதில்லை.

"காயில்தான் போச்சு" என்றார் ராயப்பன். "கோயில் ஜங்ஷன்ல கடை இருக்கு, புதுசு வாங்கி மாட்டுங்க. அதுவரைக்கும் அந்த ஒயரைக் கழட்டி வெச்சுட்டு மூணு சிலிண்டர்ல மெதுவாப் போங்க. அழுத்தாதீங்க, ஆள் நடக்கிற வேகம் போதும்." போனை வைத்துவிட்டார், அணைத்தும் விட்டார்.

கோட்டைச்சாமி தன் புது முன் சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார். பால்பாண்டி தடுத்தார்.

"சகலை, மூணு சிலிண்டர் உழைக்குது. உழைக்கிற பங்காளி மூணு பேர். வேலை செய்யாத சிலிண்டர்க்காரர் ஓசியில வரலாமா?"

"என்னடா சொன்ன?"

"அதுபோக, ஆள் நடக்கிற வேகம்னு சொல்லிட்டாரு" என்றார் சோலைமலை. "நடக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். கோட்டைச்சாமி வாய் வரை வந்த வசவை விழுங்கினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கோபத்தில் நடக்கிறவர் நடைக்குக் காற்றுப்போன சக்கரம் ஈடு கொடுக்குமா? ஜங்ஷனில் காயில் கடை வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களோ, "மூத்தவர் நிக்கல, நாம நின்னா வேகம் தப்பிரும்" என்று கடையைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரம். கோயில் வாசலில் தவசி போனைக் கையில் எடுத்துவிட்டார். கோட்டைச்சாமி வியர்க்க விறுவிறுக்க, வெறுங்கையோடு வந்து நின்றார்.

"பாத்திரம் எங்கய்யா?"

"வண்டியில நாலு பங்கு. ஒரு பங்கு நான், வந்துட்டேன். போனைக் கீழ வைங்க."

"உன்னை வெச்சு சோறு வடிக்கவா? மாயாண்டிய வரச் சொல்றேன்."

"கால்வாசி வந்தாச்சு, அடுப்பைக் கால்வாசி எரிய விடுங்க! பேச்சுன்னா பேச்சு!"

"அதெப்படி ஆளைப் பங்குல சேர்ப்ப?"

"ஏன் சேர்க்கக் கூடாது? நடந்து வந்தவனுக்கு மதிப்பில்லையா?"

கோட்டைச்சாமி ஆரம்பித்தால் சீக்கிரம் விடுவாரா? கால் பங்கா, அரைக்கால் பங்கா என்று இருவரும் கட்டிப் புரண்டு பேசி, அரைக்கால் என்று முடிவாகி, தவசி மூச்சு வாங்கிய நேரத்தில் அண்டாக்கள் கலகலக்க வேன் வந்து நின்றது. மேளம்தான் வந்துவிட்டதென்று உள்ளே யாரோ சூடம் ஏற்றிவிட்டார்கள். மாயாண்டிக்குப் போன் போகவே இல்லை.

பாத்திரங்களை மளமளவென்று இறக்கினார்கள். முக்கால்வாசி இறங்கியதும் பால்பாண்டி கதவைச் சாத்திவிட்டார்.

"மிச்சம்?" என்றார் தவசி.

"மூணு சிலிண்டர் இழுத்தது முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்கை யாரும் இழுக்கலையே. அது இன்னும் வரல."

"உள்ளதானேய்யா இருக்கு! எனக்குக் கண்ணில்லையா?"

"இருக்கலாம்" என்றார் கோட்டைச்சாமி நிதானமாக. "வந்து சேரணுமில்ல? என் சிலிண்டர் படுத்த இடத்துலயே அது நின்னிருக்கும். நான் போய் எடுத்தாறேன்."

தவசி தலையில் கை வைத்துக்கொண்டு, இருக்கிற பாத்திரத்தில் உலையை ஏற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோட்டைச்சாமி வந்த வழியே திரும்பி நடந்தார். இருளப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, அண்டா கனம்! ஒத்தை ஆளா எப்படித் தூக்கிட்டு வருவீங்க? வேனும் வரட்டும்!"

முன்னால் கோட்டைச்சாமி நடந்தார். பின்னால், கால் பங்குப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு, அந்தக் கால் பங்குப் பாத்திரத்தை எடுத்து வர, ஆள் நடக்கிற வேகத்தில் வேன் போயிற்று.