பெரிய டயர்தான் வேணும்

முதலாளி செல்லக்கண்ணுவுக்கு ஒரு வீம்பு. பக்கத்து வயல்காரரின் புது டிராக்டரைவிடத் தன் பழைய டிராக்டர் ஓர் அங்குலமாவது உயரமாக நிற்க வேண்டுமாம். தேய்ந்த பின் டயர்களை மாற்றப் போனவர், கடையிலேயே பெரிய டயராகப் பார்த்து எடுத்தார்.

“மட்கார்டுல உரசும் முதலாளி, பழைய அளவே எடுங்க” என்றான் டிரைவர் சூசை.

“உரசாம மாட்டுறது உன் வேலை. முடியலைன்னா நாளைக்கே வேற டிரைவர்!”

சூசை மாட்டிவிட்டான். எங்கும் உரசவில்லை.

மறுநாள் முதலாளி சலவை வேட்டியோடு வந்தார். எப்போதும் மட்கார்டு மேல் உட்கார்ந்துதான் ஊரைச் சுற்றுவார். மட்கார்டு இரண்டும் கழற்றப்பட்டுக் கொட்டகையில் கிடந்தன.

“நான் எங்கடா உட்கார்றது?”

சூசை டயரைத் துண்டால் துடைத்துவிட்டான்.

“நீங்க பார்த்து எடுத்த பெரிய டயராச்சே! மேல தாராளமா உட்காருங்க முதலாளி, நான் மெதுவாவே ஓட்டுறேன்.”