வாசல் மணி

ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு கலாசாலைகள் இருந்தன. வைத்தியம், சிற்பம், வான நூல், இலக்கணம் என்று எல்லாம் சொல்லிக்கொடுக்கும் பெரிய இடங்கள். இரண்டின் வாசலிலும் ஒரு மணி தொங்கியது. படிக்க வந்தவரிடம் வாசலிலேயே கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் மணியை ஓர் அடி அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கரையில் மணிச் சத்தம் அதிகமோ அந்தக் கரைதான் உசத்தி என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன, பேசும்.

இக்கரைக்குத் தலைமை ஆசான் கூத்தபிரான். நாற்பது வயது, மூக்குக்கு மேல் கோபம். அவருடைய மூத்த சீடர் திருவாழிக்கு ஐம்பது. வாசலில் கேள்வி கேட்பது திருவாழியின் வேலை.

ஒரு நாள் ஆசான் கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தபோது திருவாழி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“ஆசானே, இந்த வருஷம் நாமதான் பெருசு. அக்கரைக்காரன் வாயடைச்சுப் போயிட்டான்.”

“எதுல பெருசு?”

“மணியில. காலையில இருந்து நம்ம மணி நிக்கவே இல்லையே, கேக்கலையா?”

“போன வருஷம் இவ்வளவு பேர் வரலையே. இப்ப எங்க இருந்து வந்தாங்க?”

திருவாழி குரலைத் தாழ்த்தினார். “மலையோரத்து ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பித் தமுக்கடிக்கச் சொன்னேன். யார் வேணும்னாலும் வரலாம், வந்து படிக்கலாம்னு.”

“வர்றவங்களுக்கு இடம் இருக்கா?”

“இடம் எப்பவும்போலத்தான்.”

“அப்ப எதுக்குக் கூப்பிட்டீர்?”

“திருப்பி அனுப்ப.”

ஆசானின் கை நின்றது.

“கடைசியா யாரை அனுப்பினீர்?”

“ஆவுடைன்னு ஒரு பொம்பளை. வைத்தியம் படிக்கணுமாம். வாதம், பித்தம், கபம் மூணுக்கும் லட்சணம் சொல்லுன்னேன். ‘தெரியாது, தெரிஞ்சா எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வர்றேன்’னு என்னையே திருப்பிக் கேக்கிறா. பலமா ஒன்னு அடிச்சேன்.”

“அவளையா?”

“ஐயோ, மணியை.”

“அவளுக்கு ரெண்டும் ஒன்னுதான் ஓய்.” ஆசான் எழுந்தார். “நோயாளியை வாசல்லயே விரட்டிட்டு, திடமா இருக்கிறவனை மட்டும் உள்ள படுக்க வச்சு, என் கை பட்டவன் எல்லாம் பிழைச்சான்னு ஒரு வைத்தியன் பீத்திக்கிட்டா அவனுக்கு என்ன பேரு?”

“களவாணி, ஆசானே.”

“சரி. செருப்பை மாட்டும், களவாணி. தோணித்துறைக்குப் போகணும்.”

ஆவுடை துறைப்படியில் உட்கார்ந்து, வெடித்துப்போன பாதங்களைத் தண்ணீரில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. தோணி இன்னும் கிளம்பவில்லை.

“ஏம்மா, திரும்பி வா. நான் சொல்லித் தர்றேன்,” என்றார் ஆசான்.

அவள் நிமிரவில்லை. “ஒரு தடவை கூப்பிட்டீங்க, வந்தேன். மணி அடிச்சீங்க. இன்னொரு மணிக்கு எனக்குத் தெம்பில்ல.”

“எதுக்குப் படிக்க வந்த? அதையாவது சொல்லு.”

“எங்க ஊர் மருத்துவச்சி செத்துப் போயிட்டா. அதுக்கப்புறம் பிள்ளை பெறப் படுத்தவளுக எந்திரிச்சா உண்டு. போன வருஷம் என் தங்கச்சி ஒருத்தி எந்திரிக்கல. கடைக்குட்டிக்கு இப்ப நாலாம் மாசம்.”

திருவாழி இருமினார். “வைத்தியம் பன்னிரண்டு வருஷப் படிப்பும்மா.”

“அது உங்களுக்கு. எனக்கு ஒரு பிரசவம் பார்க்கத் தெரிஞ்சாப் போதும்.”

“போதாது,” என்றார் ஆசான். “ஒன்னை நீயாப் பார்க்கணும்னா ஐம்பது பிரசவத்துக்குப் பக்கத்துல நிக்கணும். இந்த ஊருக்குள்ள நம்ம மருத்துவச்சி இருக்கா. அவ பின்னால வீடு வீடாப் போகணும்.”

“ஐம்பதுக்கு நாள் எங்க இருக்கு? இருபது.”

“நாப்பது.”

“நீங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் என் தங்கச்சி வயித்துல இருக்கிறது பொறுத்துக்கிட்டு இருக்குமா? முப்பது. அதுக்கு மேல பேசுறதா இருந்தா இப்படியே தோணி ஏறிடுவேன்.”

“முப்பது.”

“இன்னும் ஒன்னு இருக்கு. வாசல்ல ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. கேக்கிறதை நான் போகும்போது கேளுங்க. அப்ப எனக்குப் பதில் தெரியலன்னா மணியை அடிங்க. ஆனா அந்த அடி எனக்கில்ல, உங்களுக்கு.”

தோணிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆசான் சிரிக்கவில்லை. திருவாழியைத் திரும்பிப் பார்த்தார்.

“காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, ஆசானே.”

“அப்ப அந்த மூட்டையைத் தூக்கும்.”

மறுநாள் ஆசான் திருவாழியின் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தார். “உமக்கு வாசல்ல நிக்கத்தானே தெரியும்? ஆவுடை போற வீட்டு வாசல்ல எல்லாம் போய் நில்லும்.”

திருவாழி நின்றார். மழையிலும் நின்றார். உள்ளே ஒருத்தி கத்துவாள். நேரம் போகும். பிறகு இன்னொரு சின்னக் குரல் கிளம்பும். விளக்கைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். ஒரு வீட்டில் அந்தச் சின்னக் குரல் வரவே இல்லை.

முப்பதும் முடிந்து ஆவுடை ஊருக்குக் கிளம்பிய அன்று எல்லோரும் வாசலில் கூடினார்கள். மணிக்கயிறு காற்றில் ஆடியது.

“போகும்போது கேள்வி கேக்கிறதா பேச்சு,” என்றார் திருவாழி மெதுவாக. “என்ன கேக்கட்டும், ஆசானே?”

“நீர் ஒன்னும் கேக்க வேண்டாம். கேள்வி அவ ஊர்ல படுத்திருக்கு.”

ஆவுடை மூட்டையை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு திருவாழிக்குச் சோறு இறங்கவில்லை. தோணி வரும்போதெல்லாம் துறைக்கு ஓடினார். ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார். கேட்டால் எரிந்து விழுந்தார். ஆசானும் அப்படித்தான். கலாசாலையில் யாரும் இருவர் பக்கமும் போகவில்லை.

பங்குனியில் ஒரு நாள் தோணிக்காரர் ஒரு கருப்பட்டிப் பெட்டியோடு வந்து நின்றார்.

“ஆவுடை குடுத்து விட்டா. பிள்ளை குறுக்கா கிடந்துச்சாம். வயித்து மேல கையை வச்சே திருப்பிட்டாளாம். தங்கச்சி எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்கிறாளாம். பொட்டப்பிள்ளை. தொண்டை மட்டும் ரொம்பப் பெருசாம், தெருவே தூங்கலையாம்.”

திருவாழி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆசான் ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார்.

அப்போது அக்கரையில் மணி அடித்தது. மறுபடி அடித்தது. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே அடுத்த வருஷத்துச் சேர்க்கை தொடங்கிவிட்டது.

திருவாழியின் விரல்கள் பழக்கத்தில் ஒவ்வொன்றாக மடங்கின. முகம் தெளிந்தது.

“அடிக்கட்டும், ஆசானே. அவங்க மணியை விட நம்ம ஆவுடை பெருசு. இதை மட்டும் ஊர் ஊரா தமுக்கடிச்சுச் சொன்னா, அக்கரைக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிடுவான். நாமதான் உசத்தின்னு...”

“விரலை நீட்டும் ஓய்.”

திருவாழி விரல்களை நீட்டினார்.

“எதை எண்ணுறீர்? ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆள் அந்தப் படியில மூட்டையோட உக்காந்திருக்கு. யார் வீட்டுல யாருக்கு நாலாம் மாசமோ. தோணியை எடும். இருட்டுறதுக்குள்ள அத்தனை பேரையும் இக்கரைக்கு ஏத்திட்டு வாரும்.”

“அத்தனை பேருக்கும் இடம் வேணுமே, ஆசானே?”

“திருப்பி அனுப்பக் கூப்பிட்டப்ப இடம் பார்த்தீரா? போம்.”