தொண்ணூறாம் நாள் பறங்கிக்காய்

“கான்கிரீட்டைப் போட்டாச்சுன்னா அப்புறம் மனுஷனுக்கு வேலை இல்லப்பா, நாளுக்குத்தான் வேலை…” என்று, தோஹாவில் அருளானந்தம் கட்டட வேலை பார்த்தபோது, மூத்த ஃபோர்மேன் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்வார். அதற்குப் பிறகு இன்னொரு வரியும் உண்டு. எவ்வளவு யோசித்தும் அருளானந்தத்துக்கு அது நினைவுக்கு வரவில்லை.

யோசிக்கிற நிலையிலும் அவர் இல்லை. மணி நாலு. ஐந்து மணிக்கு மனைவி ரெஜினா வந்துவிடுவாள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வைரவனின் செல்ஃபோன் ரிப்பேர் கடையில், பிளாஸ்டிக் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். குரு வைரவனுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தெட்டு. குரு குடியை விட்டு ஏழு வருடம். சீடர் விட்டு, அவர் சொல்படி, இன்றோடு தொண்ணூறு நாள்.

முதல் நாள் அவர் கேட்டது இதுதான்: “சாயங்காலம் ஆனா கை நடுங்குது தம்பி. அந்த ஒரு மணி நேரத்தை எப்படித் தாண்டுறது?”

வைரவன் கையை நீட்டினான். அவருடைய ஃபோனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் நிலம், தொப்பி போட்ட ஓர் ஆள். சண்டை கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்துப் போய்ச் செடிக்கு ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

“இந்த ஆளைக் கொஞ்சம் ஓட வைக்க முடியாதா?”

“முடியாது.”

“ரெண்டு வாளி சேத்துத் தூக்க மாட்டானா?”

“மாட்டான்ணே. உங்களுக்கு முன்னாடியே நாலு பேர் கேட்டாச்சு.”

அன்று ஒரு பறங்கி விதை ஊன்றினார். தினமும் விடாமல் தண்ணீர் ஊற்றினால் தொண்ணூறாம் நாள் காய் பழுக்கும். இங்கே விடிந்தால்தான் விளையாட்டிலும் விடியும். ஒரு சுற்று ஊற்றி முடிக்க அரைமணி பிடிக்கும். அதற்குள் கை நடுக்கம் அடங்கிவிடும். சில நாள் அடங்காது. அப்போது அந்த ஆளைக் கிணற்றுக்கும் வேலிக்குமாகச் சும்மா நடக்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

ரெஜினா வைத்த கெடுவும் தொண்ணூறுதான். மகள் அக்சிலியாவின் பட்டமளிப்பு விழாவுக்கு அவர் குடித்துவிட்டுப் போய், அத்தனை பேர் முன்னாலும் நாற்காலியோடு சாய்ந்தார். மறுநாள் ரெஜினா பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகும்போது சொன்னாள். “மூணு மாசத்துல பிள்ளை ஜெர்மனிக்கு வேலைக்குப் போறா. அதுவரைக்கும் தொண்ணூறு நாள் ஒரு சொட்டு தொடாம இருங்க. இருந்தீங்கன்னு வைரவன் தம்பி வாயால கேட்டாத்தான் நம்புவேன். அப்ப எங்ககூட ரயில்ல வந்து வழியனுப்புங்க. இல்லாட்டி ஸ்டேஷன் பக்கமே வர வேண்டாம்.”

ரயில் இன்று ஏழு மணிக்கு. விமானம் நாளை. மகள் திரும்பிவர மூன்று வருடம்.

ஃபோனில் பறங்கிக்காய் பச்சையாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு சிறு பலகை: ‘இன்னும் ஒரு நாள்.’

ஏன் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்து மூன்றாம் நாள் மழை. ஒயின்ஷாப் வாசலில் ஒதுங்கியவர் உள்ளே போய்விட்டார். அன்று செடிக்குத் தண்ணீர் இல்லை. மறுநாள் காலையில் ஃபோனின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளி, விட்டுப்போன தண்ணீரை ஊற்றிவிட்டு, தேதியைப் பழையபடி வைத்தார். செடி வாடவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். விளையாட்டு அந்த ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது இன்று காலையில்தான் தெரிந்தது.

வைரவன் ஒரு ஃபோனின் முதுகைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

“பழுத்துருச்சாண்ணே?”

“என்னமோ ஒரு நாள் பாக்கின்னு காட்டுது. ஏதோ கோளாறு போல.”

“கொடுங்க.”

வாங்கிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தேதி மாற்றுகிற பக்கத்தைத் திறந்து, ஃபோனை அவர் முன்னால் வைத்தான்.

“ஒரு நாள் முன்னால தள்ளினா பழுத்துரும். உங்களுக்குத் தெரியாத வித்தையா? நான் போய் டீ வாங்கிட்டு வர்றேன்.”

செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அருளானந்தம் ஃபோனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. நாலேகால் ஆயிற்று. விரல் திரைக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு தொட்டது.

காய் பொன்னிறமாக மாறியது. தொப்பிக்காரன் தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடினான்.

அந்த நேரத்தில் அக்சிலியாவின் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. ஆவலாகத் தொட்டார். திறக்கவில்லை. ‘உங்கள் ஃபோனின் தேதி தவறாக உள்ளது. சரிசெய்துவிட்டு முயலவும்.’ மறுபடி தொட்டார். மறுபடியும் அதே வரி.

வைரவன் இரண்டு டீயோடு வந்தான். எட்டிப் பார்த்தான்.

“பழுத்துருச்சு.”

“ம்.”

“நல்ல கலரு.”

அருளானந்தம் டீயை வாங்கினார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நாப்பத்து நாலாம் நாள். திடீர்னு எனக்கு மட்டன் பிரியாணி வாங்கிட்டு வந்தீங்க.”

“அது பாசத்துல வாங்கினது.”

“பாசத்துக்கு அரை பிளேட் போதும்ணே. நீங்க ஃபுல் பிளேட்டும் சுக்காவும் வாங்கிட்டு வந்தீங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“பிஞ்சைத் தெனமும் அமுக்கிப் பாத்தா வெம்பிப் போயிரும்.”

“இத்தனை நாளா சும்மாவா இருந்தே?”

“சும்மா இல்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

நாலே முக்கால். தெருவில் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் அவர் தலை திரும்பியது.

“அவ வந்தா என்ன சொல்லுவே?”

“நீங்க சொல்றதை.”

“தொண்ணூறுன்னு நான் சொன்னா?”

“அண்ணன் தொண்ணூறுங்கிறார்னு சொல்லுவேன்.”

“உள்ளதைச் சொன்னா அவ என்னை விட்டுட்டுப் போயிருவா தம்பி. மூணு வருஷம். பிள்ளை முகத்தைக்கூடப் பாக்க முடியாது.” ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். “தொண்ணூறுல ஒரே ஒரு நாளு. அதுக்கப்புறம் தொடல, சத்தியமா. அந்த ஒரு நாளுக்கு இவ்வளவா?”

வைரவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“ரயில்ல போங்கண்ணே. நான் குறுக்க நிக்கல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலைல கண்ணு முழிக்கிறப்போ, அது உங்களுக்குத் தொண்ணூத்தோராம் நாளா, நாப்பத்தெட்டாம் நாளா?”

அருளானந்தம் ஃபோனை நிமிர்த்தி, பொன்னிறக் காயைப் பார்த்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. ரெஜினா இறங்கினாள். பின்னாலேயே அக்சிலியா, தோளில் பையோடு. ரெஜினா கணவரைப் பார்க்காமல் நேராக வைரவனைப் பார்த்தாள்.

“சொல்லுங்க தம்பி.”

வைரவன் அருளானந்தத்தைப் பார்த்தான்.

அவர் ஸ்டூலைவிட்டு எழுந்தார். ஃபோனில் தேதியை இன்றைக்குக் கொண்டுவந்தார். பிறகு மனைவிக்கு நேராகத் திரும்பி, “தொண்ணூறு இல்ல ரெஜினா. நாப்பத்தேழு” என்றார்.