ரப்பர் எலியும் மருதி விராலும்

அல்லிக் குளத்தில் மருதி என்றொரு விரால் மீன் இருந்தது. அதற்குக் குஞ்சுகள் ஏராளம். எத்தனை என்று எண்ணிப் பார்க்க மருதிக்கே பொறுமை இல்லை. எல்லாம் செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாக, ஒரே கூட்டமாக அலையும்.

விரால் குஞ்சுகளுக்கு ஒரு தொல்லை உண்டு. தண்ணீருக்குள்ளேயே கிடக்க முடியாது. அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றைப் பிடிக்க வேண்டும். மேலே வந்தால் கொக்கு பார்க்கும், பாம்பு பார்க்கும். அதனால் விரால் குடும்பத்தில் ஒரே சட்டம்தான். குஞ்சுகளுக்கு மேலே எது வந்தாலும் அடி! யார், என்ன என்று கேட்காதே. அடி!

அந்தச் சட்டப்படிதான் ஒரு நாள் அப்பா விரால் சடையன் பாய்ந்தது. குஞ்சுகளுக்கு மேலே ஒரு கறுப்பு எலி நீந்தி வந்தது. சடையன் அதை ஒரே கவ்வாகக் கவ்வியது. அடுத்த நொடி எலியும் சடையனும் சேர்ந்து கரையைப் பார்த்துப் பறந்தன. அவ்வளவுதான். சடையன் திரும்பவே இல்லை.

மருதி ஒரு முடிவுக்கு வந்தது. "எலிதான் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோச்சு! இனி இந்தக் குளத்துல எந்த எலி எறங்கினாலும் விடமாட்டேன்!"

தப்பான முடிவுதான். ஆனால் அழுதுகொண்டே எடுத்த முடிவு. என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை வானம் மூட்டமாக இருந்தது. உமிச்சி என்ற வயல் எலி ஒரு நெற்கதிரை வாயில் கவ்விக்கொண்டு குளத்தின் குறுக்கே நீந்தியது. அக்கரை வரப்பில் அதன் பொந்து.

மருதி பாய்ந்தது! அல்லி இலை கிழிந்தது. உமிச்சி கதிரைப் போட்டுவிட்டு, மிதந்துகொண்டிருந்த தென்னமட்டை மேல் தாவி ஏறியது.

"அடிப்பாவி! வாலே போயிருக்கும்!"

"வாலா? உன்னையே முழுங்குவேன்! எங்கடி என் வீட்டுக்காரர்?"

"உன் வீட்டுக்காரர் எங்கேன்னு எனக்கென்ன தெரியும்?"

"நேத்து ஒரு எலிதான் தூக்கிட்டுப் போச்சு! கண்ணால பார்த்தேன்!"

"ஏக்கா, ஒரு கதிரைத் தூக்கவே எனக்கு நாக்குத் தள்ளுது. முழ நீள விராலை எலி தூக்குமா? கொஞ்சம் யோசிச்சுப் பேசு!"

மருதி யோசிக்கவில்லை. மட்டையை ஓங்கி முட்டியது. உமிச்சி நனைந்து நடுங்கியது. நடுங்கிக்கொண்டே கேட்டது.

"அந்த எலி கொஞ்ச தூரம் வந்து நின்னுச்சா? மறுபடி கொஞ்ச தூரம் வந்து நின்னுச்சா?"

"ஆமா! உன் சொந்தக்காரிதானே!"

"எந்த எலிக்கா நடுக்குளத்துல நின்னு வேடிக்கை பார்க்கும்? தண்ணியில எறங்கினா உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுவோம். அது எலியே இல்ல. ரப்பர்!"

"ரப்பரா?"

"கரைக்கு ஒரு தூண்டில்காரர் வர்றாரு. அவர் பெட்டி நெறைய எலி. கறுப்பு, பழுப்பு, வெள்ளை. மொதல்ல பார்த்ததும் எங்க ஆளுங்க பொணம்னு நெனச்சு ஒப்பாரியே வெச்சுட்டேன். கிட்டப் போய் மோந்தா செருப்பு நாத்தம்! வெயில் அடிச்சா பழுப்பு எடுப்பாரு. மூட்டமா இருந்தா கறுப்பு. கீழேருந்து பார்க்குற உனக்கு அதுதான் பளிச்சுனு தெரியுமாம். முதுகுல ரெண்டு கொக்கி ஒட்டிக்கிட்டு கெடக்கு. இலையில மாட்டாது, கொடியில மாட்டாது. கடிச்சு அமுக்கினாத்தான் கொக்கி வெளிய வரும். நீ கடிக்காத வரைக்கும் அது வெறும் செருப்புத் துண்டு."

மருதிக்கு இப்போதுதான் புரிந்தது. சடையனை எந்த எலியும் தூக்கவில்லை. சடையன் தானே கடித்த கடிதான் அதைத் தூக்கியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டது இன்னும் வலித்தது.

"நான் உன்னைக் கொல்ல வந்தேன். எனக்கு ஏன் இதைச் சொல்ற?"

"எனக்கும் பொந்துல குட்டிங்க இருக்கு. இன்னும் கண்ணே தொறக்கல. நான் போய்ச் சேரலன்னா அதுங்க என்னாகும்னு எனக்குத் தெரியும். நீ போயிட்டா உன் குஞ்சுங்களைக் கெளுத்தி மீன் ஒரே வாயில முடிச்சுடும். அதுவும் தெரியும்."

அப்போது கரையில் ஒரு குரல் கேட்டது. "மூட்டமா இருக்கு. கறுப்பே போடலாம்."

தொப்!

குஞ்சுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு எலி விழுந்தது. வந்தது. நின்றது. வால் நெளிந்தது. மறுபடி வந்தது.

"அம்மா! அப்பாவைக் கொண்டுபோன எலி! அடிம்மா!" குஞ்சுகள் அலறின.

"கீழ போங்க! எல்லாரும் கீழ!" என்றது மருதி.

போயின. ஆனால் எவ்வளவு நேரம்? மூச்சு முட்டியதும் குபுகுபுவென்று மேலே வந்துவிட்டன. மேலே வந்த குமிழியைப் பார்த்துத் தூண்டில்காரர் இழுக்க, எலி நேராக அங்கேயே வந்தது.

மருதியின் உடம்பு தானாக வளைந்தது. பாயப் போகும் வளைவு.

"வேணாம்க்கா!" உமிச்சி கத்தியது.

"என் புள்ளைங்க மேலயே வருதுடி!"

"வரட்டும்! அதுக்குப் பல்லு கெடையாது! உன் பல்லைத்தான் அது நம்பி வருது!"

மருதி பல்லைக் கடித்துக்கொண்டது. மெதுவாக மேலே போய்க் குஞ்சுகளுக்கு நடுவில் நின்றது. ரப்பர் எலி அதன் முதுகை உரசிக்கொண்டு போனது. மருதி அசையவில்லை.

"ஏம்மா அடிக்க மாட்டேங்குற? பயமா?" என்று கேட்டது ஒரு பொடிக் குஞ்சு.

"ஆமாடா, பயம்தான். அடிச்சா அப்புறம் நான் இருக்க மாட்டேன். நீ மூச்சு விட்டுக்கோ செல்லம். அம்மா இங்கதான் இருக்கேன்."

தூண்டில்காரர் திரும்பத் திரும்ப வீசினார். கறுப்பைக் கழற்றிவிட்டுப் பழுப்பு போட்டார். வேகமாக இழுத்தார், நிறுத்தினார், ஆட்டினார். ஒவ்வொரு முறையும் மருதிக்கு உள்ளே கொதித்தது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு குஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"இதுங்களுக்குத் தாய் மீனே இல்ல போல," என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மூடினார்.

மருதிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்று விட்டுவிட்டது.

அவர் போன பிறகு மருதி தென்னமட்டை அருகே வந்தது. "உன் குட்டிங்க பசியா இருக்கும். எறங்கு. கரை வரைக்கும் நானும் கூட வர்றேன்."

"சத்தியமா?"

"எறங்குடி. எனக்கு வேலை கெடக்கு."

உமிச்சி இறங்கியது. விரால் குஞ்சுகளுக்கு மேலேயே ஒரு எலி நீந்திப் போனது. அம்மா விரால் கூடவே போனது. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

நம்மைச் சீண்டவென்றே வருவதைக் கடிக்காமல் விடுகிறவர்தான், தம்மை நம்பியிருப்பவர்களைக் காப்பாற்றுவார்.