கொடி கட்டிய கார்

அன்று காரில் இருந்தவர்கள் நான்கு பேர்: மில் முதலாளி வைரவநாதன், கணக்கர் தணிகாசலம், தோட்டக்காரர் மாரப்பன், முழங்கால் வலியோடு டிரைவர் சூசை. நாற்பது வருடப் பழைய வெளிநாட்டுக் காருக்கு, தூதர் வண்டி போல, முதலாளி விளையாட்டாக இரண்டு கொடிக்கம்பம் பொருத்தியிருந்தார். அவர் ஏறினால் கொடி பறக்கவேண்டும். இறங்கினால் கொடிக்கு உறை மாட்டவேண்டும். முறை தவறினால் சூசைக்குத் திட்டு.

கடைவீதியில் வண்டி நின்றுவிட்டது.

"மூணு பேரும் இறங்கித் தள்ளுங்க. நான் இறங்கமாட்டேன். முகூர்த்தத்துக்குள்ள மண்டபம் போய்ச் சேரலைன்னா, சூசை, நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

மூவரும் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. கடைக்காரர்கள் சிரித்தார்கள். சூசை பெருமூச்சு விட்டபடி இரண்டு கொடிக்கும் உறையை மாட்டினார்.

"நான்தான் உள்ளே இருக்கேனே, உறை எதுக்குடா?"

"உறை போட்டா நீங்க வண்டியில இல்லைன்னு அர்த்தம், முதலாளி. கொடி பறக்கிற வண்டியைத் தள்ளினா ஊர் யாரைப் பார்த்துச் சிரிக்கும்? உறை போட்ட வண்டிக்குள்ள நீங்க உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா இன்னும் சிரிப்பாங்க."

முதலாளி வீதியைப் பார்த்தார். சத்தமில்லாமல் இறங்கினார். "சும்மா நின்னா என்னை அடையாளம் கண்டுக்குவாங்களே?"

"பின்னால போய்க் குனிஞ்சு தள்ளுங்க. தள்ளுறவன் முகத்தை எவன் பார்க்கிறான்? ஸ்டீரிங்கை நான் பிடிச்சுக்கிறேன்."

வண்டி நகர்ந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபம் போய்ச் சேர்ந்தது. தள்ளி வந்தவர்கள் மூன்று பேர். உட்கார்ந்து வந்தவர், மீதி ஒருவர்.