செவலை கொடுத்த வேர்வை

அந்தக் காலத்தில் வேர்வை என்பது ரோமம் உள்ளவற்றுக்கு மட்டும்தான் இருந்தது. படைத்தவன் அதைப் பங்கு வைத்தபோது, கம்பளி போர்த்தியதுபோல் பிறந்தவற்றுக்கே இது தேவை என்று நினைத்துவிட்டான். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்த்தது. மொட்டைத் தோலோடு நின்ற மனிதனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. நாயும் மனிதனும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட காலம் அது என்பதால், நாய்கள் இதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்வதும் உண்டு.

செம்மணல் மேடாகக் கிடந்த தேரிக்காட்டில் சுயம்பு என்ற பனையேறியும் அவன் மனைவி பூங்கனியும் ஓலைக் குடிசை போட்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பனை ஏறி முடித்து, உச்சிப் பொழுதில் குடிசைக்குள் ஒடுங்கிவிடுவான் சுயம்பு. அவர்களோடு இருந்த செவலை என்ற நாயோ, நடு வெயிலில் ஓணானைத் துரத்திவிட்டு, உடம்பெல்லாம் நனைந்து, ஜம்மென்று வந்து நிற்கும்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் நெழலுக்குள்ளயா இருக்கீக?" என்று கேட்கும்.

"போ லே, உனக்கென்ன!" என்பான் சுயம்பு.

ஒரு கோடையில் அவர்களுடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். பற்று காய்ந்து உதிர்ந்ததே தவிர, சூடு இறங்கவில்லை. பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

செவலை பிள்ளையை மோந்து பார்த்தது. "அக்கா, எனக்கு உடம்பு சுட்டா வேர்த்துரும், சூடு எறங்கிரும். இவளுக்கு ஏன் வேர்க்கவே மாட்டேங்கு?"

"மனுசப் பிள்ளைக்கு ஏது தம்பி வேர்வை?" என்று பூங்கனி அழுதாள்.

செவலை யோசித்தது. நாக்கால் நக்கிக் கொடுத்தால் தன்னிடம் உள்ளதை இன்னொரு உடம்புக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்தது திரும்பி வராது. இது எல்லா உயிருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனாலேயே யாரும் யாருக்கும் எதையும் நக்கிக் கொடுத்ததில்லை. செவலைக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளையின் உள்ளங்காலில் தொடங்கி நெற்றி வரைக்கும் நக்கியது.

பிள்ளையின் மேலுதட்டில் முத்துப்போல ஒரு சொட்டு துளிர்த்தது. பிறகு கழுத்தில், முதுகில். சூடு இறங்கியது. பிள்ளை வீறிட்டு அழுதாள். அதைப் பார்த்த சுயம்புவுக்கும் நெற்றி நனைந்தது. கொடுத்த வேர்வை ஒரு பிள்ளையோடு நிற்காமல் மனிதக் கூட்டம் முழுவதற்கும் பரவிவிட்டது.

அவர்கள் சந்தோஷத்தில் இருந்தபோது வாசலில் செவலை சுருண்டு விழுந்தது. வெளியே மணல் பொரிந்துகொண்டிருந்தது. அதன் உடம்பிலோ ஈரமே இல்லை.

பூங்கனி பதறிப்போய்த் தன் சேலையைத் தண்ணீரில் முக்கி, பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அதன்மேல் இறுக்கிப் போர்த்தினாள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் ரோமத்துக்கும் ஈரத்துணிக்கும் நடுவே சூடு சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சேலை வெதுவெதுத்தது. செவலைக்குக் கண் செருகியது.

"அக்கா, மேல போர்த்தாதீக. புழுங்குது," என்று முனகியது. "வயித்துக்குக் கீழ விரிங்க. பாதத்தை நனைங்க."

சுயம்பு சேலையை உருவி எறிந்தான். குடிசைக்குள் இருந்த தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டினான். மேல் மணல் சுட்டது, அடி மணல் குளுகுளுவென்று இருந்தது. பானையிலிருந்து கசிந்த ஈரம் அங்கே ஊறிக்கிடந்தது. நனைத்த சேலையைக் குழியில் விரித்து, செவலையை உள்ளே தூக்கி வந்து வயிறு படியக் கிடத்தினான். பூங்கனி அதன் பாதங்களில் தண்ணீர் விட்டாள். எதிரெதிரே சுவராக இருந்த ஓலைத் தட்டிகளைத் தூக்கிக் கட்டியதும் காற்று குறுக்கே ஓடியது. பனை ஓலையை மடித்துச் செய்த பட்டையில் தண்ணீர் வைத்தார்கள். செவலை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது.

நாக்கு வழியாகப் பிள்ளைக்குப் போன வேர்வையில் மிச்சம் நாக்கிலேதான் ஒட்டியிருந்தது. அதைத் தொங்கவிட்டுக் காற்றுப் படும்படி இரைத்தபோதுதான் செவலைக்கு உயிர் வந்தது.

"செவலை, இப்ப எப்பிடிடா இருக்கு?" என்றான் சுயம்பு.

பதில் சொல்ல அது நாக்கை உள்ளே இழுத்தது. உடனே சூடு ஏறி, தலை சாய்ந்தது. மறுபடி நாக்கை வெளியே விட்டது. நாக்கு ஒன்றுதான் இருந்தது. பேசுவதா, பிழைப்பதா?

பூங்கனி அதன் முகத்தைக் கையில் ஏந்தினாள். "பேசாத தம்பி. நாக்கை வெளியவே வையி. உனக்கு என்ன வேணும்னு நாங்களே பாத்துச் செய்யுதோம். நீ கேக்காண்டாம்."

செவலை வாலை ஆட்டியது. அதற்குப் பிறகு அது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதோடு சேர்ந்து வேர்வையை இழந்த மற்ற நாய்களும் அப்படியே பேச்சை விட்டன.

அன்று முதல்தான் மனிதனுக்கு வேர்க்கிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது, தண்ணீர்த் தொட்டி ஓரமாக மண்ணைப் பறித்து வயிறு படியப் படுக்கிறது. எவ்வளவு தாகம் எடுத்தாலும் தண்ணீர் வேண்டும் என்று அது வாய் திறந்து கேட்பதில்லை. நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது.