சீர் மூட்டை

ஏரித் தண்ணீர் குளத்துக்குள் நுழைகிற மதகில் நண்டம்மா காவல் இருந்தாள். அவளுடைய நாற்பது குஞ்சுகளும் அந்தக் குளத்துச் சேற்றில்தான் வளர்ந்தன. அதனால் உள்ளே வருகிற மூட்டை எல்லாவற்றையும் கொடுக்கால் அவிழ்த்துப் பார்ப்பாள்.

நத்தை வந்தால் மூன்று நாள் காய்ந்த மணலில் கிடந்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரைக்கோ அனுமதியே கிடையாது. வேர்த் துண்டுகூட நுழையக்கூடாது. அந்தச் செடி மூடித்தான் மேலே இருந்த ஏரி செத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை ஓர் அயலூர்த் தவளையின் மூட்டையை நண்டம்மா உதறு உதறென்று உதறினாள்.

"என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

"யாரா இருந்தாலும் அவிழ்க்கணும். கையை எடு!"

அடுத்து ஆமையக்கா உறவுக் கூட்டத்தோடு வந்தாள். குளத்தில் இருக்கும் மகளுக்கு வளைகாப்பு. முதுகில் இலையால் கட்டிய சீர் மூட்டை. அதன் இடுக்கில் ஊதாவாய் ஏதோ தெரிந்தது.

"அக்கா, அது என்ன?"

"பூதான்டி! பொண்ணு தலையில வைக்க. ஏன், சீர் மூட்டையை நடுவழியில அவிழ்க்கப் போறியா?"

"முட்டை சுமக்கிற பொண்ணோட சீரைப் பிரிச்சா விளங்குமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

நண்டம்மாவின் ஓடெல்லாம் சிவந்துபோனது. நீட்டிய கொடுக்கை மடக்கிக்கொண்டாள்.

"போங்கக்கா."

வளைகாப்பு முடிந்தது. அழகான பூவை எறிய மனசில்லாமல் மகள் அதைத் தண்ணீரில் விட்டாள். பூவுக்கு அடியில் வேர் இருந்தது.

ஒன்று பத்தானது. பத்து குளத்தையே மூடியது. வெயில் உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் கறுத்து நாறியது. கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன.

நண்டம்மா கரையில் நின்று குஞ்சுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வேர்ச் சிக்கலுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது!"

அவள் வேர்களை வெட்டினாள், வெட்டினாள். மறுபடி கூப்பிட்டாள். சத்தமே இல்லை.

ஆமையக்கா மகளை இழுத்துக்கொண்டு கரையேறினாள். நண்டம்மாவைப் பார்த்ததும் அழுதாள்.

"எனக்குத் தெரியாதேடி! ஒரு பூதானேன்னு கொண்டுவந்தேன்!"

"எனக்குத் தெரியுமே அக்கா," என்றாள் நண்டம்மா. "தெரிஞ்சும் அவிழ்க்காம விட்டேனே!"

வேண்டியவர் மனசு கோணக்கூடாதென்று காவலில் நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டால், அதற்கு ஊரே பலியாகும்.